சுற்றுப்பயணமும் பந்தயமும் ஒரே சங்கத்தில்: சேரலாமா?

கேள்வி – பிப்ரவரி 2

தனியாகச் சைக்கிள் ஓட்டுகிறேன். 30, 40 கிலோமீட்டர் போவேன்; மணிக்கு 24 கிலோமீட்டர் வேகம். பக்கத்தில் சாலைச் சைக்கிள் சங்கம் ஒன்று இருக்கிறது. சுற்றுப்பயணம், பந்தயம் இரண்டும் உண்டு என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. இப்படிப்பட்ட சங்கங்களைப் பந்தயக்காரர்கள் ஆள்வார்கள், பயணக்காரர்கள் சந்தா கட்டுவார்கள் என்பது என் கணிப்பு. நான் சேர்ந்தால் முதல் மேட்டிலேயே கழற்றிவிடப்பட்டு வழி தெரியாமல் நிற்பேன். இல்லை என்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

பிப்ரவரி 2, இரவு

மறுக்கிறேன். சந்தா பற்றிய வரியை மட்டும் இப்போதைக்குத் தொடவில்லை. அதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது.

உங்களை உறுத்துவது சங்கத்தின் கொள்கை இல்லை, மேட்டில் தனியே நிற்கப்போகிறோமே என்ற பயம். அதற்கு வேறு கேள்வி கேட்க வேண்டும்: கடைசியில் வருபவரை என்ன செய்வீர்கள்? எல்லாச் சங்கமும் "யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டோம்" என்றுதான் சொல்லும். அதோடு திருப்தி அடையாதீர்கள். இந்த வாரம் கடைசியில் வரப்போகிறவர் யார், பெயர் என்ன என்று கேளுங்கள். பெயர் உடனே வந்தால் அது சங்கம். "அப்படி யாராவது வருவார்கள்" என்றால், யாரும் வரமாட்டார்கள்.

"வேகக் குழு காத்திருக்காது, வரைபடத்தை வைத்துக்கொள்ளுங்கள், பழுதானால் உங்கள் பாடு" என்று முகத்துக்கு நேரே சொல்லும் சங்கமும் நல்ல சங்கம்தான். சேரும் முன்பே தெரிந்துவிடுகிறதே.

பிப்ரவரி 3

24 கிலோமீட்டர் வேகத்தை ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் எழுதியிருக்கிறீர்கள். தனியாக எடுத்த எண்ணைக் குழுவின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. அதைச் சமாளிக்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடியில் கூடுகிறது. சமதரையில் 24-லிருந்து 28-க்கு ஏறினால் காற்றுக்காக மட்டும் ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். தனியாளுக்கு இது பெரிய சுமை. ஆனால் ஒருவர் பின்னால் நெருக்கமாக வந்தால் உங்கள்மீது விழும் காற்றில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு குறையும். 1.6-ல் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துப் பாருங்கள், கிட்டத்தட்ட தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறீர்கள். அதாவது காற்று மறைவில் 28-ல் போவது, தனியே 24-ல் போவதைவிடச் சற்றே கடினம். டயர் உராய்வின் பங்கு தனி. அதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். இருந்தாலும் "28 வேகக் குழு" என்ற பலகையைப் பார்த்து ஓடத் தேவையில்லை.

பெரிய குழுவில் இது நம்ப முடியாத அளவுக்குப் போகும். 2018-ல் பெர்ட் பிளாக்கன் தலைமையிலான ஆய்வுக் குழு 121 ஓட்டுநர்கள் கொண்ட கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்தது. கூட்டத்தின் நடுப்பின்பகுதியில் இருப்பவருக்கு, தனியே ஓட்டுபவருக்கு உள்ள காற்றெதிர்ப்பில் 5 முதல் 10 விழுக்காடுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டுப் பேர் போகும் குழுவில் அந்தச் சொர்க்கம் கிடைக்காது.

பிப்ரவரி 3, பிற்பகல்

"அப்படியானால் பின்னால் வருபவர் முன்னால் இருப்பவரிடம் திருடுகிறார்" என்கிறார் ஒருவர். திருட்டு இல்லை ஐயா. பின்னால் ஒருவர் ஒட்டி வந்தால் முன்னவரின் முதுகுக்குப் பின்னே உருவாகும் தாழ்வழுத்தம் சற்றுக் குறைகிறது. அவருக்கும் இரண்டு மூன்று விழுக்காடு லாபம். திருடனால் வீட்டுக்காரருக்கு லாபம் வரும் ஒரே தொழில் இதுதான்.

பிப்ரவரி 5

இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது என்ற வாதத்துக்கு வருகிறேன். வரலாறு உங்கள் பக்கம் இல்லை.

பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 1200 கிலோமீட்டர். இன்று உலகெங்குமுள்ள நெடுந்தூரப் பயணக்காரர்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கனவோடு போகும் ஓட்டம் அது. முதலிடம், பரிசு எதுவும் கிடையாது. 90 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தால் போதும். அது பிறந்ததோ 1891-ல், சுத்தமான பந்தயமாக. ஷார்ல் தெரோன் 72 மணி நேரத்துக்குள் முடித்து வென்றார். 1931-ல் அதே சாலையில், அதே பருவத்தில், பயணக்காரர்களுக்கும் தனிப்பிரிவு திறந்தார்கள். 1951-ல் தொழில்முறைப் பந்தயம் கடைசியாக நடந்தது; மொரிஸ் தியோ 38 மணி 55 நிமிடத்தில் வந்தார். பிறகு பந்தயக்காரர்களுக்கு ஆர்வம் போய்விட்டது. பயணக்காரர்கள் நடத்திக்கொண்டே இருக்கிறார்கள். யார் சந்தாவில் யார் பிழைத்தார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

கியர் கதை இதைவிட ருசியானது. சாலையில் கியர் மாற்றும் அமைப்பை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் செயின்ட் எட்டியென் நகரத்துப் பயணக்காரர் பால் தெ விவீ. வெலோசியோ என்பது அவர் புனைபெயர். மலைமேல் மூட்டையோடு ஏற வேண்டியவருக்குத்தானே கியரின் அருமை தெரியும்? ஆனால் டூர் தெ பிரான்ஸைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்சுக்கு அது பிடிக்கவில்லை. மனிதனின் தசை வெல்ல வேண்டும், இயந்திரத்தின் தந்திரம் வெல்லக் கூடாது என்ற பிடிவாதம். அவர் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு, 1937-ல்தான் செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் டெரெய்லர் கியருக்கு அங்கே அனுமதி கிடைத்தது. இன்று கியரில்லாத பந்தயச் சைக்கிளைச் சாலையில் காட்டுங்கள் பார்க்கலாம். பயணக்காரர்கள் முப்பது, நாற்பது ஆண்டுகள் சோதித்துப் பார்த்த பொருளைத்தான் பந்தயக்காரர்கள் பிறகு தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

இதே தெக்ராஞ்ச் 1904-ல் பிரான்சில் ஆடாக்ஸ் ஓட்டங்களை ஆரம்பித்து வைத்தார் என்பது வேடிக்கை. எல்லாரும் ஒரே வேகத்தில் சேர்ந்து போய்ச் சேர்ந்து வருவது ஆடாக்ஸ். ஒரே மனிதருக்குள் இரண்டும் இருந்திருக்கிறது; ஒரு சங்கத்துக்குள் இருக்காதா?

பிப்ரவரி 6

இங்கிலாந்தைக் காட்டி மறுத்திருக்கிறார் இன்னொருவர். நல்ல மறுப்பு. அங்கே 1878-லேயே பயணக்காரர்களுக்கென்று தனிச் சங்கம் ஏற்பட்டது. பந்தயத்தை நிர்வகித்த அமைப்போ, எங்கே சைக்கிளையே சாலையிலிருந்து விரட்டிவிடுவார்களோ என்ற அச்சத்தில், பொதுச் சாலையில் கூட்டமாகப் பந்தயம் ஓட்டுவதை விலக்கி வைத்தது. அதனால் 1895-ல் பிட்லேக் என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார்: ஒவ்வொருவராக இடைவெளி விட்டு அனுப்புவது, கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடுவது. டைம் டிரையல் இப்படி வளர்ந்ததுதான். அதிகாலையில், கறுப்பு உடையில், பந்தயம் என்றே தெரியாதபடி ஓட்டினார்கள். பந்தயம் ஓட்டிவிட்டு ஓட்டவில்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ளும் கலை!

1942-ல் பெர்சி ஸ்டாலர்ட் துணிந்து லாங்கோலன் முதல் வுல்வர்ஹாம்டன் வரை கூட்டப் பந்தயம் நடத்தினார். காவல்துறை ஒத்துழைத்தது, சொந்த அமைப்புதான் அவரை விலக்கியது. அவர் பக்கம் நின்றவர்கள் அதே ஆண்டில் தனி அமைப்புத் தொடங்கினார்கள். இரு தரப்பும் ஒன்றிணைய 1959 ஆனது. பதினேழு ஆண்டுகள்!

ஆனால் இந்தச் சண்டையைக் கூர்ந்து பாருங்கள். பந்தயக்காரருக்கும் பயணக்காரருக்கும் நடந்த சண்டையா? பந்தயக்காரருக்கும் பந்தய நிர்வாகிக்கும் நடந்தது. உங்கள் கட்சிக்கு இது உதவாது.

பிப்ரவரி 8

சந்தா விவகாரம். இதில் எனக்கே இரண்டு மனம்.

எங்கள் சங்கத்தில் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. பந்தயம் நடத்தும் நாளில் சந்திப்புகளில் கொடி பிடித்து நிற்பவர்கள், தண்ணீர் கொடுப்பவர்கள், எண் எழுதுபவர்கள் எல்லாரும் பயணக்காரர்கள். பந்தயக்காரர்கள் ஓட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், போனார்கள். புதியவர்களுக்கான மெதுவான ஓட்டத்தை யாராவது நடத்த வேண்டும் என்று கேட்டால் அன்றைக்கு அவர்களுக்கு "மீட்பு ஓய்வு". ஓய்வுக்கு இவ்வளவு ஒழுக்கமாக இருப்பவர்களை வேறெங்கும் கண்டதில்லை.

கூட்டத்தில் கத்தினோம். கடைசியில் வந்த விதி எளிமையானது: சங்கத்தின் பெயரில் பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பவர், பருவத்தில் சில மெதுவான ஓட்டங்களில் கடைசி ஆளாக வர வேண்டும். முணுமுணுத்தார்கள். பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் சங்கத்திலேயே வேகமான பெண் ஒருவர், கடைசி ஆளாக வருவதைத் தானே கேட்டு வாங்க ஆரம்பித்தார். மெதுவாக ஓட்டுவது உடம்புக்குத் தேவையான பயிற்சி. தனியாக அதைச் செய்ய அவருக்குப் பொறுமை இல்லையாம். புதியவர்களுக்கோ, சங்கத்தின் மிகச் சிறந்த ஓட்டுநர் தங்கள் பின்னால் வந்து கியரை எப்போது மாற்றுவது என்று சொல்லிக்கொடுக்கிறார்.

ஆகவே உங்கள் கணிப்பு பல சங்கங்களில் சரிதான். இரண்டும் சேர்ந்திருப்பதால் வரும் கோளாறு என்பதைத்தான் மறுக்கிறேன். விதி எழுதாததால் வரும் கோளாறு அது.

பிப்ரவரி 9

இதுவரை வந்ததில் முக்கியமானதை யாரும் கேட்கவில்லை. குழுவில் ஓட்டுவது தனி வித்தை. தனியாக எவ்வளவு ஓட்டியிருந்தாலும் அது தானாக வராது. சங்கத்தில் சேர்வதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வலுவான காரணம் இதுதான், மற்றதெல்லாம் பேச்சுத்துணை.

முன்னால் இருப்பவரின் பின்சக்கரத்துக்கு நேர் பின்னால், அல்லது மிகச் சிறிது விலகி, உங்கள் முன்சக்கரம் இருக்க வேண்டும். ஒருபோதும் இரண்டும் பக்கவாட்டில் மேற்பொருந்தக் கூடாது. முன்னவர் குழியைத் தவிர்க்க ஒரு சாண் ஒதுங்கினால் அவர் பின்சக்கரம் உங்கள் முன்சக்கரத்தைத் தட்டும். அவருக்கு ஒன்றும் ஆகாது, திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். நீங்கள் விழுவீர்கள், உங்களுக்குப் பின்னால் வருபவர் உங்கள்மீது விழுவார். முன்சக்கரத்தைத் திருப்ப முடியாத கணத்தில் சைக்கிளில் சமநிலை இல்லை, அவ்வளவுதான் இயற்பியல்.

கண்ணை அந்தச் சக்கரத்திலேயே ஒட்டவைக்காதீர்கள். புதியவர்கள் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள், சக்கரம் மயக்கிவிடுகிறது. முன்னவரின் தோளுக்கு மேலாக, அவருக்கும் முன்னால் இருப்பவரைப் பாருங்கள். வேகம் குறைவதை இரண்டு ஆள் தள்ளியே கண்டுகொள்ளலாம்.

பிரேக்கைத் தொடாமல் வேகத்தைக் குறைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மிதிப்பதைத் தளர்த்துங்கள், போதாவிட்டால் நிமிர்ந்து உட்காருங்கள், காற்று மார்பில் பட்டுப் பிரேக்கின் வேலையைச் செய்யும், அதுவும் போதாவிட்டால் வரிசையிலிருந்து அரையடி வெளியே காற்றில் வாருங்கள். குழுவின் நடுவில் ஒருவர் பிரேக்கை அழுத்தினால் அடுத்தவர் இன்னும் அழுத்தமாக அழுத்துவார், அதற்கடுத்தவர் அதைவிட. பத்தாவது ஆள் கிட்டத்தட்ட நின்றேவிடுவார். பிறகு முன்னால் இருப்பவர்கள் வேகமெடுக்க, பத்தாவது ஆள் உயிரைக் கொடுத்துத் துரத்துவார். குழுவின் பின்பகுதியில் களைத்துப் போகிறவர்கள் பலரும் வேகத்தால் களைப்பதில்லை, இந்த இழுப்பாலும் தொய்வாலும்தான்.

மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது இன்னொரு ஆபத்து. இருக்கையிலிருந்து எழும் கணத்தில் மிதிப்பு ஒரு நொடி விட்டுப்போகும். சைக்கிள் உங்களுக்குக் கீழே பின்னோக்கிச் சரியும். உங்களுக்குத் தெரியாது, பின்னால் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு மிதி கீழிறங்கும்போது அதை அழுத்திக்கொண்டே எழ வேண்டும். கொஞ்ச நாளில் கால் கற்றுக்கொள்ளும்.

உங்கள் முறை வந்து முன்னால் போகும்போது வேகத்தைக் கூட்டாதீர்கள். இது மரியாதை சம்பந்தப்பட்டது. அதுவரை மறைவில் ஓய்வாக வந்தவருக்கு முன்னால் போனதும் வீரம் பொங்கும். 28-ல் வந்த குழு திடீரென்று 31-ல் பறக்கும். இப்போதுதான் முன்னால் உழைத்து முடித்து விலகியவர் வரிசையின் வாலைப் பிடிக்க முடியாமல் தொலைந்துபோவார். முன்னால் போனவர் அதே வேகத்தில் போக, விலகுபவர்தான் தளர்ந்து பின்வாங்க வேண்டும். பலம் அதிகம் இருந்தால் அதிக நேரம் முன்னால் இருங்கள், அதிக வேகத்தில் இருக்காதீர்கள்.

இருவர் இருவராகப் போகும்போது பக்கத்தில் இருப்பவரைவிட எப்போதும் அரைச்சக்கரம் முன்னால் போகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். இவர் அதைச் சமன்செய்ய முந்துவார், அவர் மறுபடியும் அரைச்சக்கரம் முந்துவார். யாரும் பந்தயம் என்று சொல்லவில்லை, ஆனால் பந்தயம் நடக்கிறது. எல்லாச் சங்கத்திலும் இப்படி ஒருவர் உண்டு. உங்கள் சங்கத்தில் யாரென்று தெரியவில்லையானால் அது நீங்களாக இருக்கலாம்.

பிப்ரவரி 9, இரவு

கைச்சைகை பற்றிக் கேட்டவருக்கு: சங்கத்துக்குச் சங்கம் கொஞ்சம் மாறும், முதல் ஓட்டத்தின் தொடக்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். குழியைச் சுட்டுவது, நிற்பதற்குக் கையைக் காட்டுவது, ஓரத்தில் வண்டி நிற்கிறது என்று முதுகுக்குப் பின்னால் கையை வீசுவது ஆகியவை பெரும்பாலும் ஒன்றுதான். கையை எடுக்கப் பயமாக இருந்தால் வாயால் சொல்லுங்கள். ஒவ்வொரு கூழாங்கல்லையும் அறிவிக்காதீர்கள். எல்லாவற்றையும் சுட்டுபவர் உண்மையான குழியைச் சுட்டும்போது யாரும் பார்ப்பதில்லை.

பிப்ரவரி 12

"எந்தச் சைக்கிள் வாங்க வேண்டும்?" இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எதையும் வாங்காதீர்கள். இருக்கும் சைக்கிளில் சில ஓட்டங்கள் போங்கள். பிரேக் பிடிக்க வேண்டும், செயின் குதிக்கக் கூடாது, டயரில் வெடிப்பு இருக்கக் கூடாது, கைப்பிடியின் இரு முனைகளிலும் அடைப்பான் இருக்க வேண்டும். விழும்போது திறந்த குழாய்முனை சதையைத் துளைக்கும். ஒரு மாற்று டியூப், டயர் நெம்பிகள், பம்ப். பஞ்சர் ஒட்டவோ டியூப் மாற்றவோ வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் எட்டுப் பேர் யோசனை சொல்ல, கை நடுங்கிக்கொண்டு பழகுவது வேண்டாம்.

முழங்கையை ஊன்றிப் படுத்தபடி ஓட்டும் நீண்ட கைப்பிடி பொருத்தியிருந்தால் கழற்றிவிடுங்கள். குழுவில் அதைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. கை பிரேக்கில் இல்லை, திசை திருப்பும் பிடியும் குறைவு.

டயர்: 25, 28 மில்லிமீட்டர் என்று சண்டை போடுவார்கள். உங்கள் சட்டகத்தில் 28 நுழைந்தால் 28 போடுங்கள், காற்றை உச்சவரம்பு வரை அடிக்காதீர்கள். கரடுமுரடான சாலையில் கல்லைப் போல இறுகிய டயர் சக்கரத்தைத் துள்ளவைக்கிறது. துள்ளும் ஒவ்வொரு முறையும் முன்னேற வேண்டிய சக்தி உடம்பைக் குலுக்கப் போகிறது.

எடையைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு ஒன்று. உலகத் தரப் பந்தயத்துக்கே சர்வதேசச் சைக்கிள் ஒன்றியம் 6.8 கிலோ என்று கீழ்வரம்பு வைத்திருக்கிறது. அதைவிட இலேசான சைக்கிள் தடை. நமக்கு அந்தத் தடை பிரச்சினையாவதற்குள் வயிற்றுப் பக்கம் குறைக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

பிப்ரவரி 14

"இரண்டு மணி நேர ஓட்டத்துக்குச் சாப்பாடு எதற்கு, தண்ணீர் போதும்" என்று எழுதியவரோடு பாதி உடன்படுகிறேன். மெதுவான இரண்டு மணி நேரத்துக்குப் போதும். ஆனால் புதியவருக்குக் குழுவின் மெதுவான ஓட்டமும் கடினமான ஓட்டம்தான். தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு கடுமையான உழைப்பில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் தீரத் தொடங்கும். தீர்ந்தால் களைப்பு படிப்படியாக வராது. கை நடுங்கும், எரிச்சல் வரும், எளிய கணக்கு வராது. நான் ஒருமுறை இந்த நிலையில் சாலையோரம் உட்கார்ந்து, வீட்டுக்குப் போகும் வழி தெரிந்திருந்தும் எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்க முடியாமல் இருந்திருக்கிறேன். கூட வந்தவர் பையிலிருந்ததைக் கையில் திணித்தார். கால்மணி நேரத்தில் மனிதனானேன்.

நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான அளவு; பழகிய வயிறு 90 கிராம்கூடத் தாங்கும், குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்து இருந்தால். பழகாத வயிற்றில் 90 கிராமை முயன்று பார்ப்பவருக்கு வேறு காரணத்துக்காகச் சாலையோரம் தேவைப்படும். பசி வரும் முன் உண்ண வேண்டும் என்பது வெலோசியோ சொன்ன அறிவுரை. நூறாண்டு கழித்தும் அதற்கு மேல் சேர்க்க அதிகம் இல்லை.

பிப்ரவரி 20

கேள்வி கேட்டவர் போய்வந்துவிட்டாராம். கழற்றிவிடவில்லையாம், கடைசியில் ஒருவர் கூடவே வந்தாராம். ஆனால் குறை ஒன்று: "கூடவே வந்தார், ஆனால் எனக்கு அதுதான் அவமானமாக இருந்தது. எனக்காக ஒருவர் தன் காலையை வீணாக்குகிறார் என்று தோன்றியது. அடுத்த வாரம் போக மனமில்லை."

இதை நான் யோசித்திருக்கவில்லை. கடைசி ஆள் இருந்தால் போதும் என்று முதல் நாள் எழுதினேன். போதாது என்று இப்போது தோன்றுகிறது. அவர் எப்படி வருகிறார் என்பதும் கணக்கு. பின்னாலேயே மௌனமாக வந்தால் அது காவல். பக்கத்தில் வந்து, ஒரு மேட்டுக்கு முன் "இங்கே கியரை இறக்கிவிடுங்கள், சுற்று அதிகமாக மிதியுங்கள்" என்றால் அது துணை. இன்னும் நல்லது, காற்று எதிரே அடிக்கும்போது அவர் முன்னால் வந்து மறைவு கொடுத்து உங்களைக் குழுவோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது. குழுவுக்கும் புதியவருக்கும் நடுவில் விழும் இடைவெளி பெரும்பாலும் 20 மீட்டரில் தொடங்குகிறது; அந்த 20 மீட்டரிலேயே ஒருவர் இழுத்துவிட்டால் 2 கிலோமீட்டராக வளராது.

நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மேடு தொடங்கும் முன் குழுவின் முன்பகுதிக்கு வந்துவிடுங்கள். ஏறும்போது எல்லாரும் உங்களைக் கடக்கட்டும். உச்சியை அடையும்போது குழுவின் வாலில் இருப்பீர்கள், வெளியே இல்லை. பந்தயங்களில் மலை ஏறத் திணறும் வேக ஓட்டக்காரர்கள் செய்வதும் இதுவே. அவமானம் என்று யாரும் சொல்வதில்லை, சாமர்த்தியம் என்கிறார்கள்.

அடுத்த வாரமும் போங்கள். அந்த மனிதர் காலையை வீணாக்கவில்லை. பிப்ரவரி 8-ல் எழுதியதைப் படியுங்கள். அவருக்கு அது பயிற்சி.

மார்ச் 1

முதலில் எதற்குப் பெயர் கொடுப்பது, நெடுந்தூர ஓட்டமா, பந்தயமா என்று விவாதம் முற்றுகிறது. என் வாக்கு நெடுந்தூரத்துக்கு.

பி.ஆர்.எம். எனப்படும் நெடுந்தூர ஓட்டங்களின் நேர எல்லைகள் உலகெங்கும் ஒன்றே: 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. 200-க்கான கணக்கைப் போட்டால் நிற்பது, தின்பது, பஞ்சர், புலம்பல் எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர் வந்தால் போதும். 24-ல் ஓட்டுபவருக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. உட்காரும் இடத்து வலியும், சோம்பலாக நிற்கும் நேரமும்தான் எதிரிகள். வழியில் வருகையைப் பதிவு செய்யும் சோதனைச் சாவடிகளில் குந்திக்கொண்டு கதை பேசி நேரத்தைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மிதித்தே தோற்றவர்கள் மிகக் குறைவு.

இரவு ஓட்டமும் சேரும் தூரங்களில் விளக்கு, ஒளி திரும்பும் மேலங்கி கட்டாயம். வெளியுதவி சாவடிகளில் மட்டுமே. வழியில் கார் பின்தொடர்ந்து வந்து தண்ணீர் கொடுக்கக் கூடாது. சக ஓட்டுநர் கொடுக்கலாம். சங்கத்தோடு போவதன் அருமை அங்கே தெரியும்.

மார்ச் 1, இரவு

"போட்டி இல்லாத ஓட்டத்துக்கு ஏன் நேர எல்லை?" சாவடியில் உட்கார்ந்திருக்கும் தன்னார்வலர் வீட்டுக்குப் போக வேண்டாமா?

மார்ச் 6

பந்தயத்துக்குத்தான் போவேன் என்பவரைத் தடுக்கவில்லை. ஆனால் இங்கே நான் முதலில் சொன்ன எல்லாம் தலைகீழாகும். பந்தயத்தில் கடைசியில் வருபவருக்காக யாரும் காத்திருக்கமாட்டார்கள், காத்திருக்கவும் கூடாது. முதல் பந்தயத்தில் குழுவிலிருந்து விடுபடுவது மிகச் சாதாரணம். சங்க ஓட்டத்தில் விடுபட்டால் சங்கத்தின் தவறு. பந்தயத்தில் விடுபட்டால் அது முடிவுப் பட்டியலில் ஒரு வரி.

குறுகிய மூடிய சுற்றில் நடக்கும் பந்தயம் என்றால் வளைவுகளே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். முன்னால் இருக்கும் பத்துப் பேர் வளைவில் வேகம் குறைக்காமல் திரும்புவார்கள். பின்னால் இருப்பவர்கள் நெரிசலில் பிரேக் பிடித்து, வெளியே வந்ததும் முழு மூச்சாகத் துரத்த வேண்டும். ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு சுற்றிலும். ஆகவே பின்னால் ஒளிந்துகொண்டு பலத்தைச் சேமிக்கலாம் என்பது புத்தகக் கணக்கு. காற்று மறைவு பின்னால் அதிகம் என்று நானே பிப்ரவரி 3-ல் கணக்குப் போட்டேன். நேர்ச்சாலைக்கு அது சரி, வளைவு நிறைந்த சுற்றுக்கு முன்னால் இருந்து 10, 15-ஆவது ஆளாகப் போவதுதான் மலிவு.

பக்கக்காற்று இன்னொரு பாடம். காற்று பக்கவாட்டில் அடித்தால் மறைவு நேர் பின்னால் இல்லை, சாய்வாகப் பின்னால் இருக்கிறது. குழு விசிறியாக விரியும். சாலையின் அகலம் தீர்ந்ததும் விசிறியில் இடம் தீர்ந்துவிடும். மிஞ்சியவர்கள் சாலையோரத்தில் மறைவே இல்லாமல் ஒற்றை வரிசையில் தவிப்பார்கள். அந்த வரிசையில் முழு பலத்தோடு தொங்குவதைவிட, பின்னால் பத்துப் பேரைக் கூப்பிட்டு இரண்டாவது விசிறி அமைப்பதே புத்தி. இதற்கும் சங்கத்து ஆட்கள் நாலு பேர் வேண்டும்.

உரிமம், காப்பீடு, வயதுப் பிரிவு எல்லாம் நாட்டுக்கு நாடு வேறு. சங்கச் செயலாளரைக் கேளுங்கள், நம்மைக் கேட்காதீர்கள். தலைக்கவசம் மட்டும் எல்லா இடத்திலும் பேச்சுக்கு இடமில்லாதது. 2003-ல் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் விழுந்த ஆந்த்ரே கிவிலெவ் இறந்த பிறகுதான் தொழில்முறைச் சாலைப் பந்தயத்தில் அது கட்டாயமானது. ஒருவர் போக வேண்டியிருந்தது.

மார்ச் 15

கேள்வி கேட்டவர் சந்தா கட்டிவிட்டார், கோடையில் 200-க்கும் பெயர் கொடுத்துவிட்டார். இப்போது "உள்ளூர்ப் பந்தயத்தில் ஒன்று ஓட்டிப் பார்க்கலாமா, எண் அட்டையை எப்படிக் குத்துவது" என்கிறார். பந்தயக்காரர்கள் ஆள்வார்கள் என்றவரா இவர்!

எண் அட்டையை நாலு மூலையில் மட்டும் குத்தாதீர்கள், பாய்மரம்போல் காற்றை வாங்கும். பக்கங்களின் நடுவிலும் குத்துங்கள். ஒவ்வோர் ஊசியும் துணிக்குள் போய், அட்டையில் ஏறி, மறுபடி துணிக்குள் வர வேண்டும். சட்டையைப் போட்டுக்கொண்டு, சைக்கிளில் குனிந்த நிலையில் நின்று, சங்கத்து ஆள் ஒருவரைக் குத்தச் சொல்லுங்கள். மேசையில் விரித்துவைத்துக் குத்தினால் குனியும்போது கிழியும். நடுவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கேட்டு அந்தப் பக்கம் குத்துங்கள். பின்பையின் வாயைச் சேர்த்துக் குத்திவிடவும் கூடாது, தின்பதற்கு வைத்தது உள்ளேயே இருந்துவிடும்.